அடியில் பிடித்த ருசி

என் மகள் பாலையும் நெய்யையும் விட்டதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் "பாவம்" என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. நெய்க்கிண்ணம் அவள் இலையைத் தாண்டிப் போகும்போது பெரியம்மா சொல்வார். தயிர் வேண்டாம் என்று அவள் கையால் மறைக்கும்போது பக்கத்தில் இருப்பவர் சொல்வார். அவள் கறியையும் மீனையும் விட்டபோது ஒருவரும் இப்படிப் பேசவில்லை. கறி சாப்பிடாமல் இருப்பது நம் ஊரில் மதிப்புக்குரிய காரியம். புரட்டாசியில் பாதித் தெரு அப்படித்தான் இருக்கிறது. பாலை விடுவதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. நம்முடைய சைவச் சமையலில் பருப்புக்கு நெய், ரசத்துக்கு நெய்த் தாளிப்பு, கடைசிச் சோற்றுக்குத் தயிர், பாயசத்துக்குப் பால் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மாடு நிற்கிறது. அதையெல்லாம் எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் காயும் தண்ணீரும்தான் என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள்.

அந்தச் சொல் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. மகளைப் பார்த்து இரக்கப்பட ஒன்றும் இல்லை. கறவை நின்ற மாடும் பிறந்த காளைக்கன்றும் எங்கே போகின்றன என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு, ஆற அமர யோசித்து அவள் எடுத்த முடிவு அது. நான் இன்றும் காலையில் பால் காபி குடிக்கிறவள். ஆனாலும் அவளுடைய முடிவை மதிக்கிறேன். அவள் தட்டில் இருப்பதை உணவிலேயே சேர்த்தி இல்லாததுபோல் பேசுவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. காயில் ருசி இல்லையென்றால் அதைச் சமைத்த விதத்தில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. நெய் இல்லாததன்மேல் பழி போடுவதில் நியாயமில்லை. இதை வாயால் சொல்லி யாரையும் ஒப்புக்கொள்ள வைக்க முடியாது, சமைத்துத்தான் காட்ட வேண்டும்.

1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்கள் சிலரும், பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் உண்ணாதவர்களுக்கான வீகன் (நனிசைவ) சங்கத்தைத் தொடங்கியபோது அங்கே போர்க்கால ரேஷன் நடந்துகொண்டிருந்தது. நாடு முழுவதுமே வெண்ணெயை அளந்து வாங்கிய காலம். இன்றைய நிலைமை வேறு. பாலுக்குப் பதில் ஒரு பாக்கெட், வெண்ணெய்க்குப் பதில் ஒரு டப்பா, பாலாடைக்கட்டிக்குப் பதில் ஒரு கட்டி என்று எல்லாமே விலைக்குக் கிடைக்கிறது. வீட்டுச் சமையலிலும் அதே போக்கு வந்துவிட்டது. நனிசைவச் சமையல் என்றாலே முந்திரியை ஊறவைத்து அரைப்பது, இல்லையென்றால் தேங்காய்ப்பாலை ஊற்றுவது. இரண்டும் நல்ல பொருள்கள்தான். ஆனால் முந்திரி விழுதை எதில் ஊற்றினாலும் அது முந்திரியாகத்தான் ருசிக்கிறது. காலிஃபிளவரும் பீன்ஸும் அதற்குள் அடையாளம் தெரியாமல் அமுங்கிப்போகின்றன. வழக்கமான உணவில் ஓர் ஓட்டை விழுந்துவிட்டது, அதை எதையாவது வைத்து அடைக்க வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் இந்தச் சமையல் தொடங்குகிறது. பெரியம்மாவின் "பாவம்" என்ற சொல்லுக்கும் இந்த எண்ணத்துக்கும் எனக்கு அதிக வித்தியாசம் தெரியவில்லை.

சட்டியோடு பிசைந்த சோறு

மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். தட்டையான அடியுள்ள வார்ப்பிரும்புச் சட்டியில் காளான், காலிஃபிளவர், சின்ன வெங்காயம், குடைமிளகாய் எல்லாவற்றையும் அதிகச் சூட்டில் வதக்கி எடுத்தேன். கூடவே தொட்டுக்கொள்ளப் பூண்டும் முந்திரியும் அரைத்த ஒரு சாறு தனிக் கிண்ணத்தில் தயாராக இருந்தது. காயைத் தட்டுக்கு மாற்றிவிட்டுச் சட்டியைக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். "அம்மா, அதைக் கழுவிவிடாதே" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். சட்டியைத் திரும்ப அடுப்பில் ஏற்றி, ஒரு கரண்டி சுடுசோற்றைப் போட்டு, உப்புத் தூவி, கரண்டியின் முதுகால் அடியோடு அழுத்திப் புரட்டினாள். சட்டியில் பழுப்பாகப் படிந்திருந்தது அத்தனையும் சோற்றில் ஏறிவிட்டது. வெள்ளைச் சோறு ஒரு நிமிடத்தில் தேன் நிறத்துக்கு வந்தது. அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றபடியே அவள் சாப்பிட்டாள். எனக்கும் ஒரு வாய் கொடுத்தாள்.

அந்த ஒரு வாயில் வெங்காயத்தின் இனிப்பும், காளானின் அடர்த்தியான ருசியும், நுனி நாக்கில் லேசான முறுகல் கசப்பும் இருந்தன. தட்டில் இருந்த காயைவிட அதில் காயின் ருசி கூடுதலாக இருந்தது. முந்திரிச் சாறு கிண்ணத்தில் மேலே ஆடை கட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது. இருவரும் அதைத் தொடவில்லை.

இந்தச் சட்டிச் சோறு தெரியாத வீடு தமிழ்நாட்டில் இருக்குமா? கோழி வறுத்த சட்டி, மீன் வறுத்த கல், உருளைக்கிழங்கு ரோஸ்ட் செய்த வாணலி, இவற்றில் சோற்றைப் போட்டுப் பிசைந்து ஆளுக்கு ஓர் உருண்டை கொடுப்பார்கள். யாருக்குக் கடைசி உருண்டை என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். என் மகளும் அப்படி வளர்ந்தவள்தான். கறியை விட்டு இத்தனை காலம் ஆகியும், சட்டியில் ருசி எங்கே இருக்கிறது என்பது அவள் கைக்கு மறக்கவில்லை. அன்று அந்தச் சட்டியில் கறியும் இல்லை, நெய்யும் இல்லை. இருந்தும் அதே இடத்தில் அதே ருசி இருந்தது. அடியில் பிடிப்பதற்குக் கறி தேவையில்லை என்பதை அன்றுதான் நான் நின்று யோசித்தேன்.

பிரெஞ்சு சமையல்காரர்கள் இதே இடத்தில் வேறொரு வேலை செய்கிறார்கள். இறைச்சியை வாட்டி எடுத்த சட்டியில் ஒயினோ எலும்புச் சாறோ ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டிக் கரைத்து, பாதியாகச் சுண்ட வைத்து, கடைசியில் குளிர்ந்த வெண்ணெய்த் துண்டுகளைப் போட்டுச் சுழற்றுகிறார்கள். சில நிமிடங்களில் பளபளப்பான சாறு தயாராகிவிடும். அவர்கள் திரவத்தை ஊற்றிக் கரைத்து எடுப்பதை நாம் சோற்றால் துடைத்து எடுக்கிறோம். இரண்டு பேரும் தேடுவது அடியில் ஒட்டியிருக்கும் அதே பழுப்பைத்தான். சோறு இல்லாமல், ரொட்டியோடோ தட்டில் காயின் மேலோ ஊற்றிக்கொள்ளும்படி அதை எடுக்க வேண்டும், வெண்ணெய் இல்லாமல் எடுக்க வேண்டும் என்பதுதான் அதன்பின் எனக்கு வேலையாகப் போனது.

பழுப்பு எப்படி வருகிறது

மாவிலும் காயிலும் உள்ள சர்க்கரையும், புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களும் சூட்டில் சேரும்போது நிறமும் மணமும் பிறக்கின்றன. 1912-இல் லூயி காமில் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதை முதலில் விவரித்தார். தோசையின் முறுகல், காபிக்கொட்டையின் வறுபட்ட வாசம், வறுத்த கடலையின் மணம் எல்லாவற்றிலும் இந்த வேதிவினைக்குப் பங்கு உண்டு. காய்களிலும் சர்க்கரை இருக்கிறது, கொஞ்சம் அமினோ அமிலமும் இருக்கிறது. வெங்காயத்தில் முதலாவது தாராளம். காளானில் இரண்டாவது தாராளம். இரண்டையும் ஒரே சட்டியில் போடுவது அதனால்தான் இவ்வளவு பொருந்துகிறது. 1908-இல் ஜப்பானில் கிகுனே இகேதா கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் ருசிக்கு உமாமி என்று பெயர் வைத்தார். கறிக்குழம்பில் நாக்கைப் பிடித்து நிறுத்தும் ருசி அதுதான். பழுத்த தக்காளியிலும் காளானிலும் அது இயல்பாகவே இருக்கிறது.

தடையாக நிற்பது தண்ணீர். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிறது. காயின் மேல் ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு அதைத் தாண்டாது. பழுப்பு வேகமாக ஏற வேண்டுமானால் ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். காளானில் பத்தில் ஒன்பது பங்குக்குமேல் தண்ணீர். சட்டியை நிரம்பக் கொட்டினால் எல்லாத் தண்ணீரும் ஒன்றாக வெளியேறி, காய் தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகக் கிடக்கும். கல்யாணப் பந்திகளில் காளான் வறுவல் பல நேரம் சொதசொதவென்று வருவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன். இன்னொரு தடை நம் கைப்பழக்கம். காயை அடுப்பில் போட்டால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் அடிப்பிடித்துவிடும் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பொரியலுக்கு அது சரி. இங்கே கொஞ்சம் பிடிக்கத்தான் வேண்டும். கரண்டியை வைத்துவிட்டுச் சும்மா நிற்பதுதான் இதில் மிகக் கடினமான பகுதி.

அடியில் படிந்ததைத் தண்ணீர் ஊற்றிக் கரைத்துப் பார்த்தேன். ருசி இருந்தது, ஆனால் தட்டில் ஊற்றினால் தண்ணீராக ஓடியது. காயில் ஒட்டவில்லை. எலும்புச் சாற்றில் ஜெலட்டின் இருப்பதால் அது உதட்டில் ஒட்டும்; வெண்ணெய் அதற்குக் கொழகொழப்பும் பளபளப்பும் தரும். காய்ச் சட்டியில் இரண்டும் கிடையாது. பலர் முந்திரியைத் தேடிப் போவது இந்த இடத்தில்தான். மகள் செய்ததை நினைத்துப் பார்த்தேன். அவளுக்கு அந்த வேலையைச் செய்துகொடுத்தது சோறு. சோற்றிலிருந்த மாவுச்சத்து பழுப்பைப் பிடித்துக்கொண்டது. அப்படியென்றால் சோற்றை விட்டுவிட்டு அதன் மாவுச்சத்தை மட்டும் சட்டிக்குள் விட்டால் போதும். அது ஏற்கெனவே ஒவ்வொரு நாளும் சோறு வடிக்கும்போது வெளியே வந்துகொண்டிருக்கிறது.

வடிகஞ்சி

குக்கர் வந்த பிறகு பெரும்பாலான வீடுகளில் வடிகஞ்சி என்பதே இல்லாமல் போய்விட்டது. நான் இன்னும் பானையில் வடிக்கிறேன். என் அம்மா காலத்தில் வடிகஞ்சி வீணாகாது. உப்புப் போட்டுக் குடிக்கக் கொடுப்பார்கள், பருத்திப் புடவைக்குக் கஞ்சி போடுவார்கள், மாட்டுத் தொட்டியில் ஊற்றுவார்கள். புதிதாக வாங்கிய மண்சட்டியையும் இரும்புச் சட்டியையும் பழக்குவதும் அதை வைத்துத்தான். இரும்புச் சட்டிக்கும் கஞ்சிக்கும் அப்படி ஓர் உறவு முன்பே இருக்கிறது.

அரிசி கொதிக்கும்போது அதன் மாவுத் துகள்கள் நீரைக் குடித்து உப்பி, உள்ளிருக்கும் மாவுச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகின்றன. அந்த நீரோடு எண்ணெயைச் சேர்த்து வேகமாகச் சுழற்றினால், எண்ணெய் பொடித்துளிகளாக உடையும். மாவுச்சத்து நீரைத் தடிக்க வைப்பதால் அந்தத் துளிகள் சட்டென்று ஒன்றுசேர முடியாது. சாறு வெளுத்து, தடித்து, கரண்டியின் முதுகில் படிகிறது. இத்தாலியர்கள் பாஸ்தா வெந்த நீரைச் சட்டியில் சேர்ப்பதும் இதற்காகத்தான். வெண்ணெய்க்கு மாற்று வாங்க நான் கடைக்குப் போகவில்லை. வடிதட்டுக்கு அடியில் ஒரு கிண்ணம் வைத்தேன், அவ்வளவுதான். குக்கரில் சமைப்பவர்கள் ஒரு தேக்கரண்டி அரிசி மாவை ஒன்றரை டம்ளர் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கண்ணாடிபோல் ஆகும்வரை கொதிக்கவிட்டு எடுத்துக்கொள்ளலாம். வடிகஞ்சியின் வாசம் அதில் வராது, ஆனால் வேலை நடக்கும்.

நான் செய்யும் விதம்

இரண்டு பேருக்குக் கால் கிலோ காலிஃபிளவர், 200 கிராம் காளான், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஒரு குடைமிளகாய். கோவையில் வெயில் காலத்தில் பால் காளான் நன்றாகக் கிடைக்கிறது. இங்கிருக்கும் வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏபிகே 2 என்ற பெயரில் இதன் ரகத்தை வெளியிட்டது. மொட்டுக் காளானுக்குக் குளிர்ச்சி வேண்டும். இது சமவெளிச் சூட்டிலேயே விளைகிறது. இதன் தண்டு கெட்டியானது. அதை விரல் கன வட்டங்களாக நறுக்கினால் தட்டையான முகம் கிடைக்கும். தட்டையான முகம் இருந்தால்தான் சட்டியோடு முழுதாக ஒட்டிச் சிவக்கும். காலிஃபிளவரையும் பூப்பூவாகப் பிய்க்காமல் கத்தியால் பாதியாக வெட்டி, வெட்டிய முகம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். கழுவிய காயைத் துணியில் ஒற்றி எடுப்பதைத் தவிர்க்கவே கூடாது.

வார்ப்பிரும்பு மெதுவாகச் சூடேறும், ஏறிய சூட்டை எளிதில் விடாது. அதனால் மிதமான தீயில் நிதானமாகக் காய வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உருண்டோடி மறைய வேண்டும். முதலில் காளான் மட்டும், எண்ணெய் இல்லாமல். காளான் எண்ணெயைப் பஞ்சாக உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீரை விட்டுச் சுருங்கிய பிறகு எண்ணெய் விட்டால் அவ்வளவு குடிக்காது. அதிக நேரம் வேகிறதே என்று பயப்படவும் வேண்டாம். காளானின் செல்சுவரில் இருக்கும் கைட்டின் சூட்டில் குழையாது, அதனால் காய்கள்போல அது கரைந்துபோவதில்லை. ஈரம் வற்றிச் சத்தம் மாறும்போது கடலை எண்ணெய் விட்டு, இருபுறமும் சிவக்க விட்டு எடுத்துவிடுகிறேன். பிறகு காலிஃபிளவரும் பாதியாக நறுக்கிய வெங்காயமும் முகம் கவிழ்த்து. இந்த நேரத்தில் கரண்டி கையில் இருக்கக் கூடாது. வெட்டிய முகம் நன்றாகச் சிவந்த பிறகு தானாகவே சட்டியை விட்டுவிடும். இழுத்துப் பிய்த்தால் முறுகல் சட்டியோடு போய்விடும். குடைமிளகாய் கடைசியில், கடிக்கும்படி இருந்தால் போதும். உப்பு எல்லாம் சிவந்த பிறகுதான். முன்னால் போட்டால் நீரை இழுத்துவிடும்.

காயை எடுத்த பிறகு அடியைப் பாருங்கள். பழுப்பு, செம்பழுப்பு வரை சரி. கறுப்பாக இருந்தால் அது கருகல். அதிலிருந்து எந்தச் சாறும் எடுக்க முடியாது, கழுவிவிட வேண்டியதுதான். இந்த இடத்தில் கண்ணை நம்புவதைவிட மூக்கை நம்புவது நல்லது. தீயைக் குறைத்து, இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டு, இடித்த மிளகு ஒரு சிட்டிகை, ஒரு சிறிய நாட்டுத் தக்காளியைக் கையால் பிழிந்து விடுகிறேன். உடனே ஒரு டம்ளர் சூடான வடிகஞ்சி. சீறிக்கொண்டு பொங்கும்போது மர அகப்பையால் அடி முழுவதையும் சுரண்ட வேண்டும். பாதியாகச் சுண்டியதும் அடுப்பை அணைத்து, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெயை நூலாக விட்டுக்கொண்டே சட்டியைச் சுழற்றுகிறேன். நல்லெண்ணெயைத் தொடக்கத்திலேயே விட்டு வறுத்தால் அதன் வாசம் போய்விடும், அதனால்தான் கடைசியில். எலுமிச்சையும் அடுப்பு அணைந்த பிறகுதான். கொஞ்சம் கொத்தமல்லித் தண்டைப் பொடியாக அரிந்து தூவினால் முடிந்தது.

புளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. இரும்புச் சட்டியில் தக்காளியோ புளியோ நெடுநேரம் கிடந்தால் இரும்பு கரைந்து உலோக வாடை வரும், பழக்கிய மேற்பரப்பும் போகும். நான்கைந்து நிமிடத்தில் முடிந்துவிடும் சாற்றில் அந்தப் பிரச்சினை இல்லை. கரையும் துளி இரும்பு உடம்புக்கு நல்லதுதான். ஆனால் சாற்றைச் சட்டியிலேயே விட்டுவைக்காமல் உடனே காயின் மேல் ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் ஆறிக் கட்டியாகிவிடும், எண்ணெயும் பிரிந்துவிடும். சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்த பிறகுதான் நான் கஞ்சியை ஊற்றுகிறேன்.

போன முறை பெரியம்மா வந்தபோது இதைத்தான் செய்தேன். தன் சோற்றுக்கு வழக்கம்போல நெய் விட்டுக்கொண்டார். அவருக்கு அது வேண்டும், அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சாற்றை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். "பாவம்" என்ற சொல் அன்று வரவில்லை, வேறு பேச்சு நடந்தது: மகள் வேலை, தெருவில் தோண்டிப்போட்ட குழாய்ப் பள்ளம், யார் வீட்டுக் கல்யாணம். என் மகள் மற்றவர்களைப் போலவே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் தட்டு அன்று பேசுபொருளாகவில்லை. நான் இத்தனை நாள் கேட்டது அதைத்தான்.

அன்றைக்கு ஆள் அதிகம் என்பதால் காயை இரண்டு தடவையாகப் போட வேண்டியிருந்தது. பெரிய குடும்பத்துக்குச் செய்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. முதல் தடவையின் பழுப்பைச் சட்டியிலேயே விட்டுவிட்டு அடுத்த காயைப் போட்டால், அது இரண்டாவது சூட்டில் கருகி எல்லாவற்றையும் கசப்பாக்கிவிடும். முதல் காயை எடுத்ததும் அரைக் கரண்டி கஞ்சி விட்டுச் சுரண்டி, அந்தப் பழுப்பு நீரை ஒரு கிண்ணத்தில் வடித்து வையுங்கள். சட்டியைத் துடைத்து, மறுபடி காயவிட்டு, அடுத்த காயைப் போடுங்கள். கடைசியில் சாறு செய்யும்போது கிண்ணத்தில் இருப்பதையும் சேர்த்துச் சுண்ட வைத்தால் எல்லாருக்கும் வரும்.